மாற்றலாகி வந்த சாமி

கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸை மாடக்கண்ணு சித்தப்பா என் கையில் கொடுத்தபோதே எனக்குக் காது சூடேறிவிட்டது. நான் கோபக்காரிதான், மறைக்கவில்லை. கல்லூரியில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. ஆனால் அன்றைக்கு வந்தது தினமும் வருகிற கோபமில்லை. சுடலை மாடசாமி படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இப்படி அச்சடித்திருந்தார்கள்: "கைலாயத்தில் சிவபெருமானின் மெய்க்காவலராகச் சிறப்புறப் பணியாற்றி, பூலோக மக்களின் பாதுகாப்புக்காக நமது ஊருக்கு மாற்றலாகி வந்து அருள்பாலிக்கும் ஸ்ரீ சுடலை மாடசாமி."

மாற்றலாகி வந்தாராம்! பெட்டி படுக்கையோடு தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அச்சன்புதூர் பஸ்ஸுக்குக் காத்து நின்றார் போலிருக்கிறது.

சாமியின் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பார்வதி விளக்குச் சுடரை முந்தானையில் ஏந்திப் பெற்ற பிள்ளை அவர். பசி தாங்காமல் சுடுகாட்டுக்குப் போய், எரிகிற பிணத்தைத் தின்றுவிட்டுக் கைலாசத்துக்குத் திரும்பினார். வாயில் பிணவாடை. தேவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இனி உனக்கு இங்கே இடமில்லை என்று அப்பனே பிள்ளையை வெளியே தள்ளினான். அப்படித் தள்ளப்பட்டு பூமிக்கு வந்தவர்தான் எங்கள் குலசாமி. கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, அந்த விரட்டுகிற கட்டம் வந்தால்தான் சாமியாடி மேல் சாமி இறங்கும். அதுதான் எங்கள் கோயில் வழக்கம்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு காக்கிச்சட்டை உண்டு. போலீசில் இல்லாதவன் பட்டாளத்தில் இருப்பான். ஒருவனை மேலிடம் இருக்கிற இடத்தை விட்டு அனுப்ப அவர்களுக்குத் தெரிந்தது இரண்டே வழி. ஒன்று டிரான்ஸ்ஃபர், இன்னொன்று டிஸ்மிஸ். டிஸ்மிஸ் கேவலம். அதனால் சாமிக்கு டிரான்ஸ்ஃபர் போட்டுவிட்டார்கள்.

அதைக்கூடச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். நோட்டீஸின் அடியில் இன்னொரு வரி இருந்தது. 'சாமியாடி: மா. பாண்டியராஜ்.' பத்தொன்பது வருஷமாக அந்த இடத்தில் என் அண்ணன் சுடலையாண்டியின் பெயர் இருந்தது. அப்பா செத்த வருஷம் அண்ணன் சாமியாடக் கச்சை கட்டினான். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட விட்டதில்லை. பாண்டியராஜ் யாரென்றால், மாடக்கண்ணு சித்தப்பாவின் மகன். எஸ்.ஐ. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

"எங்க அண்ணன் பேரு எங்கன சித்தப்பா?" என்று கேட்டேன்.

சித்தப்பா ரிட்டயர்டு சப் இன்ஸ்பெக்டர். கோயில் தலைவர். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். "இந்த வருசம் அவனுக்கு வேண்டாம்னு கமிட்டில முடிவு பண்ணியாச்சுட்டி."

"ஏன்?"

"தெரியாத மாதிரி கேக்கியே. டிஸ்மிஸ் ஆனவன் கச்சையக் கட்டிக்கிட்டு நின்னா ஊருல என்ன பேசுவான்? இந்த வருசம் பெரிய அதிகாரி ஒருத்தர் வேற வாராரு. குத்தாலத்துல குளிச்சிட்டு நேரா நம்ம மதியக் கொடைக்கு வாராரு. அவரு முன்னால இவன் ஆடுவானா? பாண்டியராஜுக்கு ஒரு நல்லது நடக்கணும்லா."

"சாமியே டிஸ்மிஸ் ஆனவருதான சித்தப்பா. அவர ஆட டிஸ்மிஸ் ஆனவன விட்டா வேற யாருக்குத் தகுதி இருக்கு?"

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மெதுவாக எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் போட்டார். "இது யாரு எழுதுனது? பேரு போட்டிருக்கு பாரு."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 'தல வரலாறு. எழுதியவர்: பேராசிரியை உமாராணி, எம்.ஏ., எம்.ஃபில்.' நான்தான்.

"சாமி டிஸ்மிஸ் ஆனாருன்னு இதுல ஒரு வரி காட்டு பாப்போம். நீ எழுதினதத்தான் நாங்க நோட்டீஸ்ல போட்டோம்" என்றார்.

என் வாயை அடைக்க இந்த ஊரில் ஆள் பிறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். நானே எழுதிக் கொடுத்து வைத்திருந்திருக்கிறேன்.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய வேலை. கோயிலுக்கு ஒரு புத்தகம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். பிணம் தின்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் துறைத் தலைவி ஒரு பிரதி கேட்டிருந்தார். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மரியாதை. 'உங்க குலசாமி பிணம் திங்குமா உமா?' என்று அந்தம்மா கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். வேறொன்றுமில்லை, அந்தம்மா உயர்த்தப்போகிற ஒரு புருவத்துக்குப் பயந்தேன். பிணம் தின்ற வரியை அடித்தேன். பிணம் போனதும் விரட்டியதற்குக் காரணம் இல்லாமல் போனது. அதையும் அடித்தேன். 'சிவபெருமான் ஆசி வழங்கி பூலோகத்துக்கு அனுப்பி வைத்தார்' என்று எழுதி முடித்தேன்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அதே மாதம் நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த பாடம், விழுந்த தேவதூதன். சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்டவன் மதத்தில் எப்படி வருகிறான், இலக்கியத்தில் எப்படி வருகிறான் என்று ஆறு வாரம் நடத்தினேன். கடவுளுக்கு எதிராக நின்று விழுந்தவனைக் கிறிஸ்தவர்கள் எப்படிச் சொல்கிறார்கள், மண்ணால் செய்த மனுஷனுக்குத் தலைவணங்க மாட்டேன் என்றவனை இஸ்லாத்தில் எப்படிச் சொல்கிறார்கள், பின்னால் வந்த கவிஞர்கள் அவனை வெறுக்க உட்கார்ந்துவிட்டு எப்படி அவன் பக்கமே சாய்ந்தார்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஸ்வாதி எழுந்து, "மேடம், எங்க சுடலை மாடனும் இப்படித்தான மேடம்? அவரையும் வெரட்டித்தான விட்டாங்க?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது வேற, இது வேற. சிலபஸ்ல உள்ளத மட்டும் கேளு." அந்தப் பிள்ளை முகம் சுருங்கி உட்கார்ந்தது. வெள்ளைக்காரன் வீட்டில் விழுந்தால் அது இலக்கியம், நம் வீட்டில் விழுந்தால் மறைக்க வேண்டிய விஷயம். எனக்கு எம்.ஃபில். கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா வீட்டிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். கோயிலிலிருந்து நாலாவது வீடு. அண்ணன் மிக்ஸியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். வேலை போன ஏழு மாதத்தில் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரு தடவை கழற்றி மாட்டிவிட்டான். வாசலை மட்டும் தாண்டவில்லை.

அவனுக்கு வேலை போன கதையையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஒரு ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தான். பைக் திருட்டு என்று சந்தேகத்தில் கணேசமூர்த்தி என்கிற ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். இருபத்திரண்டு வயது, ஒர்க்‌ஷாப் மெக்கானிக். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். என் அண்ணன் மட்டும் விசாரணையில், "வழுக்கி விழல. அடிச்சாங்க. யாரு அடிச்சாங்கன்னும் தெரியும்" என்றான். நாலு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. கீழ்ப்படியாமை, அனுமதியில்லாத விடுப்பு, அது இது என்று ஒன்றரைப் பக்கம். அதில் கணேசமூர்த்தியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

விசாரணைக்கு முன்னால் மாடக்கண்ணு சித்தப்பா மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். "அந்நேரம் டீ குடிக்கப் போயிருந்தேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாலே. நம்ம குடும்பத்துல இருவத்தேழு பேரு டிபார்ட்மென்ட்ல இருக்கோம்" என்றார். அண்ணன் மூன்று தடவையும் காபி கொடுத்து அனுப்பி வைத்தான்.

நோட்டீஸைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி" என்றான்.

"என்ன சரி? பத்தொன்பது வருசம் ஆடியிருக்கே. வாயில என்ன வச்சிருக்கே? போய்க் கேளு!"

"சவத்த விடுட்டி" என்று சொல்லிவிட்டு ஸ்குரூவைத் தேட ஆரம்பித்தான்.

மதினி முருகம்மாள் என்னைக் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அவகள ஒண்ணும் சொல்லாத உமா. வேலை போன அன்னிக்குக்கூட அழல. போன வாரம் கச்சையும் சலங்கையும் இருக்க பெட்டிய கோயில்ல இருந்து ஆள் வந்து தூக்கிட்டுப் போனாம்லா, அன்னிக்குக் குளிக்க ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதாக. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு தொறந்து விட்டிருக்காக. எனக்கு இந்த மனுசன் உசுரோட இருப்பாகளான்னு பயமா இருக்கு."

சட்டைதான் போனது. சாமியும் போனால் இவனிடம் என்ன மிச்சம்? அன்றைக்கே சித்தப்பாவிடம் திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன். "கோட்டி புடிச்சிருக்கா உனக்கு? சோலியப் பாத்துட்டுப் போ" என்றார். கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. புத்தகத்தைத் திருத்தித் தருகிறேன் என்றேன். ஐந்நூறு பிரதி இருக்கிறது, தீரட்டும் என்றார்கள்.

கொடை நாள் வந்தது. ஆடி மாதம். காலையிலிருந்தே சாரல். கோயில் முன்னால் பந்தல், பந்தலுக்குள் வில்லு. பாட வந்தவள் ஆலங்குளம் பக்கத்து முப்பிடாதியம்மாள். ஐம்பத்தைந்து வயது, வெற்றிலை போட்ட வாய், ஊசி மாதிரி குரல். முதல் வரிசையில் வெள்ளைத்துணி போர்த்திய ஒரு நாற்காலி, பெரிய அதிகாரிக்காக. ஐந்தருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருப்பதாகவும், தடை நீங்கியதும் குளித்துவிட்டு வருவார் என்றும் சித்தப்பா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தார். பாண்டியராஜ் கச்சை கட்டி, காலில் சலங்கையோடு சாமி முன்னால் நின்றான். அவன் கண் யாரையும் பார்க்கவில்லை.

முப்பிடாதியம்மாள் கதையைச் சொல்லி வந்தாள். விளக்குச் சுடர் வந்தது, பிள்ளை பிறந்தது, வளர்ந்தது. அடுத்து சுடுகாடு வரவேண்டும். வரவில்லை. ஒரே தாவாகத் தாவி, "அப்பேர்ப்பட்ட மாடன் இந்த ஊருக்கு வந்தாரய்யா" என்று முடித்தாள். மேளம் முழங்கியது. குலவை போட்டார்கள். பாண்டியராஜ் நின்றது நின்றபடி நின்றான். சாமி வரவில்லை.

மறுபடி பாடினாள். மறுபடி மேளம். வரவில்லை. மூன்றாம் தடவை மேளக்காரர்களுக்கே கை ஓய்ந்துவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. சாமி இறங்காமல் படைப்பு போட முடியாது. நானூறு பேருக்கு ஆக்கிய சோறு ஆறிக்கொண்டிருந்தது.

முப்பிடாதியம்மாள் வில்லை அடிக்கிற வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு மைக்கில் சொன்னாள்: "அண்ணாச்சிமாரே, என்னையக் கொற சொல்லாதிய. வெரட்டுத கதையப் பாடக் கூடாதுன்னு சொல்லிட்டிய. அப்ப அவரு இன்னும் கைலாசத்துலதான சொகமா உக்காந்திருக்காரு? வெளிய தள்ளாம அவர இங்கன எப்படிக் கொண்டாருவேன்? பஸ் ஏத்தியா?"

கூட்டம் சிரித்தது. சித்தப்பா முகம் கறுத்தது. மகன் காதருகே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். உடனே பாண்டியராஜ் குதிக்க ஆரம்பித்தான். அதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. மைதானத்தில் டிரில் எடுக்கிற மாதிரி எண்ணிக் குதித்தான். இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. பொய்க்கு ஒரு நாற்காலி, பொய்க்கு ஒரு குதி, எல்லாவற்றுக்கும் அடியில் என் பெயர் போட்ட புத்தகம்.

எழுந்து போய் முப்பிடாதியம்மாள் முன்னால் இருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"நான் உமாராணி. சுடலையாண்டி தங்கச்சி. கோயில் புஸ்தகத்த எழுதுனவ நான்தான். அதுல இருக்கது பொய்!" என் குரல் நாலு தெருவுக்கும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் போய் எனக்கே திரும்பிக் கேட்டது. "நம்ம சாமி பொணம் தின்னவரு. பசிச்சுது, தின்னாரு. அம்புட்டுப் பெரிய கைலாசத்துல, பிள்ளைக்கு ஏன் பசிச்சுதுன்னு ஒருத்தன் கேக்கல. எல்லாரும் மூக்கத்தான் பொத்துனாக. அப்பன் வெளிய தள்ளுனான். ஆத்தா பாத்துக்கிட்டு நின்னா. இதுதான் கதை. எங்க காலேஜ்ல என்னைய நாலு பேரு கேவலமா பாப்பாகன்னு பயந்து நான் இத அடிச்சிட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு!"

"மைக்க அமத்துலே பாண்டி!" என்று சித்தப்பா மைக் செட்காரனைப் பார்த்துக் கத்தினார்.

மைக் செட் பாண்டி என்னிடம் படித்தவன். பெட்டியில் எதையோ இரண்டு தட்டு தட்டிவிட்டு, "சுவிட்சு மக்கர் பண்ணுது மாமா" என்றான்.

நான் விடவில்லை. "வெளிநாட்டுக் கதையிலயும் இப்படித் தள்ளப்பட்டவன் உண்டு. நான் பாடம் நடத்துதேன். அவனுக்குக் கோவம். மனுசனக் கெடுக்கேன்னு கெளம்பிட்டான். நம்மாளுக்கும் கோவம் இருந்திருக்கும்லா? ஆனா அவரு நம்ம வயலுக்கும் வீட்டுக்கும் காவலு நிக்காரு. வெரட்டுனதுனாலதான் நமக்குக் கெடைச்சாரு. கைலாசத்துல நல்ல பேரு வாங்கிக்கிட்டு இருந்திருந்தா இந்த முள்ளுக்காட்டுக்கு எதுக்கு வாராரு? எங்க அண்ணன் உள்ளதச் சொன்னான், வேலைய விட்டு வெரட்டுனாங்க. அது மேலிடம் செஞ்சது. கோயில விட்டு வெரட்டுனது யாரு? நம்மதான! வெரட்டப்பட்ட சாமியக் கும்பிடுத நம்மதான!"

மைக்கை முப்பிடாதியம்மாள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வீசுகோலை எடுத்தாள். சுடுகாட்டிலிருந்து தொடங்கினாள். பிணம் எரிந்தது, பிள்ளை தின்றது, தேவர்கள் சபை கூடியது, அப்பன் வாசலைக் காட்டினான். என் வாழ்நாளில் அந்தக் கட்டத்தை அப்படி யாரும் பாடிக் கேட்டதில்லை. அவளுக்கே கண்ணில் தண்ணீர் ஓடியது. மேளம் எழும்பியது.

பாண்டியராஜ் குதிப்பதை நிறுத்திவிட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்து சலங்கையை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"என்னலே செய்யுதே, மூதி!" சித்தப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"எனக்கு வரலப்பா. நடிச்சேன். சாமி முன்னால நின்னு நடிச்சிட்டேன். எனக்குப் பயமா இருக்கு." இருபத்தாறு வயசுப் பயல் குழந்தை மாதிரி அழுதான். கச்சையையும் சலங்கையையும் பெட்டியில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு, சாரலில் நனைந்தபடி அண்ணன் வீட்டைப் பார்த்து நடந்தான். அவனைத் தொடர்ந்து முதலில் நான் போனேன். பின்னால் மேளக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் கூட்டமே எழுந்துவிட்டது.

சித்தப்பாவும் வந்தாக வேண்டும். கச்சை கட்டிவிடுவது கோயில் தலைவர் மட்டுமே செய்கிற காரியம். சாமி இறங்காமல் கொடை முடிந்தால் ஊருக்கு ஆகாது என்று அவருக்கும் பயம் உண்டு. அவர் சட்டைப்பையில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அண்ணன் நடுவீட்டில் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் குளித்திருக்கிறான். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கும்.

"கொடைக்குக் கால்நாட்டுன அன்னையில இருந்து ஒருவேளைச் சாப்பாடுதான். தரையிலதான் படுக்காக. யாருட்டயும் சொல்லாதன்னாக" என்றாள் மதினி. எட்டு நாள் விரதம். யாரும் கூப்பிடாமல், கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தும் இருந்திருக்கிறான். எனக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம்தான் அதிகமாக முட்டியது. என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

பாண்டியராஜ் பெட்டியை அண்ணன் காலடியில் வைத்தான். சித்தப்பா வாசல்படியில் நின்றார். கச்சை கட்டுவதற்கு முன்னால் தலைவர் சாமியாடியை ஒரு கேள்வி கேட்க வேண்டும். மூன்று தடவை கேட்க வேண்டும். 'ஒண்ணுமில்ல' என்று மூன்று தடவை பதில் சொல்ல வேண்டும். தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பாண்டியராஜும் அப்படித்தான் சொன்னான். யோசித்துச் சொல்கிற பதில் இல்லை அது.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "குத்தம் கொற உண்டா?"

அண்ணன், "உண்டு" என்றான்.

மேளக்காரர்களில் ஒருவன் உருட்டிக்கொண்டிருந்த குச்சியை நிறுத்தினான். அப்படி ஒரு பதிலை அந்த ஊர் கேட்டதே இல்லை. சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் சொல்லிக்கொடுத்தேனோ என்கிற மாதிரி. எனக்கே ஒன்றும் புரியவில்லை.

"என்னலே சொல்லுதே? ஒழுங்காச் சொல்லு. குத்தம் கொற உண்டா?"

"உண்டு சித்தப்பா. அந்தப் பையன் ரெண்டு மணி நேரம் கத்துனான். நான் ரூமுக்கு வெளிய நின்னேன். சாவி என் கையில இருந்துச்சு." அண்ணன் சத்தம் போடாமல்தான் பேசினான். வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. "தெறக்கல. பயந்துட்டு நின்னேன். செத்ததுக்குப் பெறவுதான் உள்ளதச் சொன்னேன். உமா என்னைய நல்லவன்னு மைக்ல சொல்லுதா. நான் ரெண்டு மணி நேரம் நல்லவனா இல்ல. டிஸ்மிஸ் ஆர்டர்ல என்னென்னவோ எழுதியிருக்கான், இத எழுதல. அதான் இங்கன சொல்லுதேன்."

ஏழு மாதமாக நான் அவனுக்காக ஊரெல்லாம் சண்டை போட்டேன். வக்கீலைப் பார்த்தேன், மனு எழுதினேன், தெரிந்தவர்களிடமெல்லாம் கத்தினேன். ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது அண்ணே என்று கேட்டேனா? கேட்கவில்லை. எனக்கு வேண்டியது வெள்ளையாக ஒரு அண்ணன். அவனைப் பற்றியும் நான் அப்படி ஒரு புத்தகம் மனசுக்குள் எழுதித்தான் வைத்திருந்தேன்.

"மூணாந்தடவையும் கேளுங்க சித்தப்பா" என்றான் அண்ணன்.

கூட்டத்துக்குள்ளிருந்து முப்பிடாதியம்மாள், "கேளும் அண்ணாச்சி. பாதியில விடக் கூடாது" என்றாள்.

"குத்தம் கொற உண்டா?"

"உண்டு." அண்ணன் கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடினான். கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. மேளம் இல்லை, பாட்டு இல்லை, நடுக்கம் மட்டும் முழங்காலிலிருந்து மேலே ஏறியது. மதினி பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தாள். பிறகு அவன் கண்ணைத் திறந்து சித்தப்பாவைப் பார்த்தான். அது அண்ணன் பார்வையா, வேறு யாருடையதா, எனக்குச் சொல்லத் தெரியாது.

"உனக்கு?" என்று கேட்டான்.

இத்தனை வயசுக்கு அண்ணன் சித்தப்பாவை ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை. சித்தப்பா ஒரு அடி பின்னால் வைத்தார். பின்னால் நானூறு பேர் நின்றார்கள், போக இடமில்லை. முப்பத்துநாலு வருஷம் கேள்வி கேட்டே பழகிய மனுஷன். அவரை யாரும் கேட்டதில்லை. உதடு அசைந்தது. ஒண்ணுமில்ல என்றுதான் சொல்ல வந்தார், நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. ஒருவரும் அவருக்காகப் பேசவில்லை, அவர் மகனும் பேசவில்லை.

கடைசியில் அவர் முட்டுக்கால் போட்டு உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து சலங்கையை எடுத்து, நடுங்குகிற அண்ணன் காலில் சுற்றினார். கை ஆடிய ஆட்டத்தில் முடிச்சு விழவே இல்லை. ஒரு தடவை நழுவியது, மறுபடி நழுவியது. முடிச்சைப் பிடிக்கக் கூப்பிடுகிற மாதிரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

நான் குனியவில்லை.